அவர் காணாத அவருடைய பந்து

கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்த முதல் சம்மரிலேயே எனக்கொரு சக்களத்தி இருப்பது தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் கணவர் வெள்ளைக் காற்சட்டை போட்டு, ஒரு நீளப் பையைத் தோளில் கொளுவிக்கொண்டு போய்விடுவார். பின்னேரம் முழங்காலெல்லாம் செம்மண்ணோடு வருவார். அவளுடைய பெயர் பேஸ்போல்.

நான் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்து, வயது வந்தபிறகு இங்கே வந்தவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னப் பிள்ளையாக, அகதியாக வந்து ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போனவர். மற்ற வீடுகளில் கிரிக்கெட் ஓடும்போது மில்லிக்கனில் எங்கள் வீட்டு ரீவியில் பேஸ்போல் ஓடும். ஒருவன் எறிய, ஒருவன் அடிக்காமல் நிற்க, பின்னால் குந்தியிருக்கிற இன்னொருவன் பிடிக்க, இதற்கு மூன்று மணித்தியாலம். "இதப் பாக்கிற நேரத்துக்கு அரிசியில கல்லுப் பொறுக்கலாம்" என்று நான் சொல்வேன். அவர் வாய்க்குள் சூரியகாந்தி விதையைப் போட்டுக் கொறித்தபடி, திரும்பிப் பாராமல் "ஓமோம்" என்பார்.

அவர் தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பந்து எறிகிறவர். அவரிடம் ஒரு பந்து இருந்தது. கட்டர் என்று சொல்வார்கள். அதைப்பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். நேராக வேகமாக வருகிற பந்து மாதிரியே அது வருமாம். அடிக்க நிற்பவனும் அப்படியே நம்பி மட்டையை வீசுவானாம். கிட்ட வந்தபிறகு, கடைசி நேரத்தில், நாலு விரல்கடை அளவுக்கு ஒரு பக்கம் வெட்டி விலகுமாம். அவ்வளவுதான். மட்டையின் நடுவில் படவேண்டியது ஓரத்தில் பட்டு, காலடியில் உருண்டு போகும். இந்த நாலு விரல்கடைக்காக ஒரு மனிதன் இருபது வருடம் தோள்மூட்டில் எண்ணெய் பூசுவானா என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு எண்ணெயை என்னிடமே நீட்டினார்.

வருத்தம் வலக்கையில்தான் தொடங்கியது. முதலில் கார்த் திறப்பைத் திருப்ப முடியவில்லை. பிறகு சேர்ட் பொத்தான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிக் குழியானது. பல மாதம் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து, கடைசியில் ஒரு பெண் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னார். தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும். கை, கால், நாக்கு, பிறகு மூச்சு. மருந்தால் கொஞ்சம் பிந்தச் செய்யலாம், நிறுத்த முடியாது. "கண்ணை மட்டும் பெரும்பாலும் விட்டுவைக்கும்" என்று அந்தப் பெண் நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவருடைய மேசையைப் புரட்டவேண்டும் போல இருந்தது. கண்ணை விட்டுவைத்து என்ன செய்ய?

எங்களோடு இருந்த மாமி, அவருடைய தாய், சனிக்கிழமைகளில் கோயிலுக்கு எள்ளெண்ணெய் விளக்கு எரிக்க எங்களைக் கூட்டிக்கொண்டு போவா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் போனேன். அப்படி ஒரு சனிக்கிழமை மாமி உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் இருந்தோம். அவர் மடியில் கிடந்த வலக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் என்ர கட்டரை ஒருநாளும் கண்டதில்லை, தெரியுமோ?"

"என்னப்பா சொல்றீங்க? நீங்கதானே எறியிற?"

"எறியிறவனுக்கு அதின்ர முதுகுதான் தெரியும். அவ்வளவு தூரத்தில நாலு விரல்கடை விலகினதோ இல்லையோ, எனக்கு எப்பிடித் தெரியும்? பிடிக்கிறவன் சொல்லித்தான் தெரியும். முன்னால நிண்டு பாக்கவேணும். என்ர முகத்துக்கு நேர வரவேணும்."

போனில் படம் பிடித்திருக்கலாமே என்றேன். படத்தில் பார்ப்பது வேறு, முகத்துக்கு நேரே வருவது வேறு என்றார். அப்படியென்றால் உங்கள் குழுவில் ஒருவரை எறியச் சொல்லலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"உவங்கள் எறிஞ்சா உவங்கட பந்துதான் வரும். நீர் ஒண்டும் பழகாத ஆள். நான் சொல்லுறபடிதான் எறிவீர். அப்ப அது என்ர பந்து."

அதில் இன்னொன்றும் இருந்தது, அவர் சொல்லாதது. அந்தக் கையை அவர்கள் காண்பதை அவர் விரும்பவில்லை. பேஸ்போலில் வலக்கைக்காரன் கையுறையை இடக்கையில் போடுகிறான். அவருடைய இடக்கை இன்னும் நல்லாயிருந்தது. எவ்வளவு காலத்துக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. இடக்கை போவதற்குள் நான் அந்தப் பந்தைப் பழகி, அதை அவருக்கு எறிந்து காட்டவேண்டும். என்னுடைய சக்களத்தியை நானே கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தவேண்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருவின் முடிவில் ஒரு பார்க். அதில் ஒரு பழைய பேஸ்போல் மைதானம், பிடிக்கிறவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் உயரமான கம்பிவலை. நான் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வேலை முடிந்து வந்து, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, அவரோடு அங்கே போவேன். மாமிக்குப் பிடிக்கவேயில்லை. "மனுசன் வருத்தமா இருக்கேக்க உவள் பந்தடிச்சு விளையாடுறாள் எண்டு சனம் கதைக்கப்போகுது" என்பா. சனம் கதைக்காத நாள் எது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சிலநாள் வாயாலும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எறியத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெண்கள் நாங்கள் எல்லே விளையாடுவோம். கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. எல்லேயில் அடிக்கிற பிள்ளைக்கு அவளுடைய சொந்தக் குழுவில் உள்ளவளே பந்து போட்டுக் கொடுப்பாள். அடிக்க வசதியாக, அவள் விரும்பிய உயரத்தில், பதமாக. அந்த வேலைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைத்தான் தேடுவார்கள். நான் போட்டு அடிக்காத பிள்ளை இல்லை.

அதுவே எனக்குத் தடையாகப் போனது. கை பந்தை விடுகிற நேரத்தில் தானாகவே மெதுவாகிவிடும். பந்து வளைந்து, மரியாதையாக, அவருடைய கையுறையைத் தேடிப் போய் இருக்கும். அவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கத்துவார்.

"இது எல்லே இல்லையப்பா! எனக்கு அடிக்கத் தராதையும். நான் உமக்கு எதிரி. ஏமாத்தும்!"

"உங்கள எதிரியா நினைக்க எனக்கு ஏலா."

"போன கிழமை என்ர அம்மாவோட சண்டை பிடிச்சீரே, அப்ப நான் என்ன சொன்னன்? அதை நினைச்சு எறியும்."

அதை நினைத்து எறிந்தபோது பந்து வலையின் உச்சியில் போய்ப் பட்டது. அவர் புல்லில் இருந்துகொண்டு கண்ணால் தண்ணி வரும்வரைக்கும் சிரித்தார்.

வேகம் மெல்ல மெல்ல வந்தது. பிறகு பிடி. பந்தின் தையலுக்குக் குறுக்கே இரண்டு விரலை வைத்து, இரண்டையும் சற்று வெளிப்பக்கம் நகர்த்தி, நடுவிரலால் அழுத்தவேண்டும். மணிக்கட்டைத் திருப்பவே கூடாது. திருப்பினால் பந்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். நேராக எறிவதாகவே நம்பி எறியவேண்டும், மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும். ஆனால் இதைப் பிடித்துக் காட்ட அவருக்கு வலக்கை இல்லை. இடக்கையால் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "அழுத்தும்" என்பார். எவ்வளவு என்று கேட்டால், "அழுத்தும், அழுத்தும்" என்பார். அவரால் அழுத்திக் காட்ட முடியாது. தன்னுடைய நடுவிரலைப் பார்ப்பார், பிறகு வேறெங்கோ பார்ப்பார்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. நான் எறிந்து அந்தப் பந்து சரியாக விலகினால், அது அவருடைய வலப்பக்கம்தான் விலகும். சும்மா தொங்குகிற கையின் பக்கம். அதில் பட்டால்? "நல்ல பிடிகாரர் எல்லாரும் வெறுங்கையை முதுகுக்குப் பின்னாலதான் வைப்பினம்" என்று சொல்லி, இடக்கையால் அந்தக் கையைத் தூக்கிப் பின்னால் காற்சட்டைப் பட்டிக்குள் செருகிக்கொண்டு நிற்பார். ஒரு நோயாளி மாதிரி இல்லை, சண்டைக்கு வந்தவர் மாதிரி நிற்பார்.

சம்மர் முடிந்தது. இலைகள் கொட்டின. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு நான் கேட்பேன், "வெட்டினதா?" அவர் சொல்வார், "நேர வந்தது. இன்னொருக்கா." ஒருநாளும் அவர் பொய் சொன்னதில்லை. சில நாள் ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம், குளிரில் என் விரல்கள் விறைத்திருந்தன. நான் எறிந்தேன். பந்து அவருடைய கையுறையில் தப்பென்று பட்டுக் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"வெட்டினது! கண்டன்! வெட்டினதப்பா! அதான் பிடிக்கேலாமல் போச்சு!"

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். கோயில் வாசலில்கூட அவருடைய கையைப் பிடித்து நடக்க வெட்கப்படுகிற நான், நட்டநடு மைதானத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொன்று எறியட்டுமா என்று கேட்டேன். "காணும்" என்றார். "இதுக்கு மேல என்ன இருக்கு? எனக்குக் காணும்." அன்றைக்குப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தேன்.

அந்தக் கிழமையே அவருடைய இடக்கையில் கரண்டி நிற்கவில்லை. கடவுள் ஒரு கொஞ்ச நாள் பொறுத்திருந்து எங்களுக்கு அதைத் தந்தார் என்று நான் நினைத்தேன். உண்மையாகவே நன்றி சொன்னேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தப் பந்துதான் எங்கள் வீட்டில் ஓடியது. வீட்டுக்கு வருகிற நேர்ஸிடம் சொல்வார், யூனியன்வில்லில் இருந்து வந்த தன் தங்கச்சியிடம் சொல்வார், "இவ கட்டர் எறிவா" என்று. எப்படி இருந்தது என்று நான் கேட்பேன். நூறு தரம் கேட்டிருப்பேன். அவர் சலிக்காமல் சொல்வார்.

"கதவடியில ஒரு ஆள் நிக்குமே, நீர் உள்ள வரேக்க கொஞ்சம் விலகி வழிவிடுமே. இடிக்கப் போறம் எண்டு நினைப்பீர், இடிக்காது. அப்பிடி விலகினது."

நாக்குத் தடுமாறத் தொடங்கிய பிறகும் இதைச் சொல்லிமுடிக்காமல் விடமாட்டார். நாக்கு முற்றாக நின்றபிறகு நான் அவருக்குச் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, கதவடியில் ஆள் விலகுவது போல விலகினதே, அப்படித்தானே என்று கேட்பேன். ஓம் என்பதற்கு அவர் கண்ணை மேலே உயர்த்துவார். உயர்த்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். அது சந்தோசம் என்று நினைத்தேன்.

மே மாதத்தில் அவர் போனார்.

எட்டுச்செலவு வீட்டிலேயே செய்தோம். இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். மாமி ஒடியல் கூழ் காய்ச்சினா, நண்டுக்கறி வைத்தா. நான் ஒரு கிண்ணத்தில் சூரியகாந்தி விதையைக் கொண்டுபோய் வாழையிலையின் ஓரத்தில் வைத்தேன். "உது என்ன பிள்ளை, கிளிக்குப் போடுற சாமானே?" என்றா மாமி. பிறகு தானே அதை எடுத்து இலையின் நடுவில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

அவருடைய குழுவில் பந்து பிடிக்கிறவர், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், வந்திருந்தார். வருடக்கணக்காக என் கணவருடைய பந்தைப் பிடித்தவர். இரண்டு பேரும் மிசிசாகாவில் ஒரே இடத்தில் வேலை, ஒரே காரில் போய் வந்தவர்கள். வருத்தம் வந்தபிறகு என் கணவர்தான் தம்பியை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அன்று தம்பி வேட்டியோடு ஒரு மூலையில் நின்றார். பாவமாக இருந்தது. ஆறுதலுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று அந்த ஒக்டோபர்ப் பந்தைப்பற்றிச் சொன்னேன். அவர் தன்னுடைய பந்தைக் கண்டுவிட்டுத்தான் போனார் தம்பி என்றேன். எப்படி விலகியது என்று அவர் சொன்னதையும் சொன்னேன். கதவடி, ஆள், வழிவிடுவது.

தம்பியின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"உது நான் சொன்னது அக்கா. வேலைக்குப் போகேக்க காருக்குள்ள அண்ணை ஒவ்வொரு நாளும் கேப்பார், என்ர கட்டர் எப்பிடியடா வரும், எப்பிடியடா வரும் எண்டு. நான் உப்பிடித்தான் சொல்லுவன். அண்ணை மறக்கேல்லை, பாருங்கோ."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அப்படியென்றால் என் மனிதர் அன்றைக்குக் கண்டது என்ன?

"உங்கட கையுறை கார்ல கிடக்கா தம்பி?"

"கிடக்கு. ஏன் அக்கா?"

சாமித்தட்டில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். "எங்க போறியள், படைச்சது இன்னும் எடுக்கேல்லை" என்று மாமி கூப்பிட்டது கேட்டது. பார்க்கில் நல்ல வெளிச்சம் இருந்தது. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பிவலைக்கு முன்னால் குந்தினார். ஒரு செத்தவீட்டுக்காரியும் வேட்டி கட்டிய ஒரு மனிதரும் பந்து எறிகிறார்கள் என்று நாயோடு நடந்த ஒரு கிழவர் நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

நான் எறிந்தேன். ஒக்டோபரில் எறிந்தது போலவே எறிந்தேன். பந்து தப்பென்று கையுறையின் நடுவில் பட்டது. அதே சத்தம்.

"வெட்டினதா?"

"நல்ல பந்து அக்கா."

"வெட்டினதா தம்பி?"

அவர் பந்தை என்னிடம் திருப்பி எறிந்தார். "நேர வந்தது" என்றார்.

இன்னொன்று எறிந்தேன். நேர. இன்னொன்று. நேர. தம்பிக்கு இப்போது விளங்கிவிட்டது. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தார். என் கையை வாங்கிப் பந்தில் விரல்களை வைத்துப் பார்த்தார். "இன்னும் வெளியால வரவேணும் அக்கா" என்று விரல்களை நகர்த்தினார். பிறகு என் நடுவிரலின் மேல் தன்னுடைய விரலை வைத்துத் தையலோடு சேர்த்து அழுத்தினார். நொந்தது. "இவ்வளவு அழுத்தம் வேணும்" என்றார். அந்த நோவைத்தான் என்னுடைய மனிதரால் எனக்குக் காட்ட முடியாமல் போனது.

அதன்பிறகு கனக்க எறியவில்லை. ஒரு பந்து கையிலிருந்து போனபோதே எனக்கு ஏதோ வித்தியாசமாக இருந்தது. தம்பி கையுறையை நேரே நீட்டினார். பந்து அதன் ஓரத்தைத் தட்டிவிட்டுப் போய்க் கம்பிவலையில் அடித்தது. வலை கிலுகிலுவென்று ஆடியது.

"அக்கா! இதுதான்! அண்ணையின்ர பந்து இதுதான்!" என்று தம்பி கத்தினார். கத்திவிட்டு அப்படியே குந்தி இருந்து அழுதார்.

நான் புல்லில் இருந்துவிட்டேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. அன்றைக்குப் பந்து நேராகத்தான் வந்து கையுறையின் நடுவில் பட்டது. மூடவேண்டிய விரல்கள் மூடவில்லை. இடக்கையும் போய்விட்டது என்று அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கியிருக்கிறது. எனக்கு அது விளங்கக்கூடாது என்று அவர் தன் வாழ்க்கையில் ஒரேயொரு பொய் சொன்னார். நானும் நம்பி, பந்தைச் சாமித்தட்டில் வைத்துவிட்டேன்.

"நேர வந்தது, இன்னொருக்கா" என்று அன்றைக்கும் சொல்லியிருந்தால் நான் பனிக்குள்ளும் எறிந்திருப்பேன். தம்பியைக் கூப்பிட்டிருப்பேன், நடுவிரல் நொந்திருக்கும், பந்து விலகியிருக்கும். அவர் அதைப் பிடிக்கத் தேவையில்லையே. பிடிக்கவேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை, காணவேண்டும் என்றுதான் கேட்டார். சக்கர நாற்காலியை அந்தக் கம்பிவலைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தால் போதும். கை போனது, கால் போனது, நாக்குப் போனது. கண் கடைசி நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.